படத்திலே உருவம் உண்டு, பெயர் எங்கே?

(கொடைரோட்டில் தோழர்கள் கூட்டிய படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய உரை)



உழைப்பையும் ஓவியத்தையும் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். ஓவியம் என்றவுடன் அரண்மனையும் அணிமணியும் நினைவுக்கு வருவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அரசனை எழுதினர், அரசியை எழுதினர், ஆண்டவனை எழுதினர். அந்த அரசன் ஏறிச் சென்ற பல்லக்கைத் தோளிலே தாங்கியவனை, அவன் உண்ட சோற்றுக்குப் பானை வனைந்தவனை, அவன் உடுத்த பட்டை நெய்தவனை எழுதியவர் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அப்படி எண்ணத்தக்க ஒருவருடைய படத்தொகுதியைத்தான் இன்று பேச எடுத்துக்கொண்டேன். வளர்ந்து வந்த ஒரு மாநகரத்தின் உழைப்பாளரை, ஏறத்தாழ 230 ஆண்டுகளுக்கு முன்னே, செப்புத் தகட்டிலே பதித்த தொகுதி அது. அந்த மாநகரம் கல்கத்தா. கல்கத்தாவுக்கும் கொடைரோட்டுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். உறவு உண்டு, அது தோளிலே ஏறிய சுமையின் உறவு. அதனைப் படிப்படியாகச் சொல்லுகிறேன்.

செம்பும் திராவகமும்

செப்புத்தகட்டு ஓவியம் எப்படிப் பிறக்கிறது என்பதை முதலில் கூறிவிடுகிறேன். வழவழப்பாகத் தேய்த்த செப்புத் தகட்டின்மீது மெழுகும் பிசினும் கலந்த பூச்சைப் பூசுவர். அதன்மீது கூரிய ஊசியால் படத்தைக் கீறுவர். கீறிய இடத்திலே மட்டும் செம்பு வெளியே தெரியும். பிறகு தகட்டைத் திராவகத்திலே இடுவர். பூச்சு இருக்கும் இடத்தைத் திராவகம் தீண்டாது. ஊசி கீறிய கோட்டை மட்டும் அரிக்கும். அரித்த பள்ளத்திலே மையைத் தேய்த்து நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தினால் பள்ளத்து மை தாளுக்கு ஏறிவிடும். ஒரு தகடு, அதிலிருந்து பல படிகள்.

வண்ணம் குழைத்துத் துணியிலே எழுதிய ஓவியம் ஒரு செல்வன் வீட்டுச் சுவரிலே மாட்டப்பட்டு அங்கேயே தங்கிவிடும். தகட்டிலே பிறந்த படமோ ஊர் ஊராகச் செல்லும். கடல் கடந்தும் செல்லும். துண்டறிக்கைக்கும் செய்தித்தாளுக்கும் உள்ள ஆற்றல் அதற்கும் உண்டு. ஆகவேதான் அந்தப் படத்திலே யார் இடம் பெறுகிறார்கள், எப்படி இடம் பெறுகிறார்கள் என்பது அரசியல் கேள்வியாகிறது.

பல்லக்குக்கு வண்ணம் பூசிய ஓவியர்

அந்த ஓவியரின் பெயர் பல்தசார் சோல்வின்ஸ். ஐரோப்பாவில், இன்றைய பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆன்ட்வெர்ப் துறைமுகத்திலே 1760-ஆம் ஆண்டு பிறந்தவர். கப்பலையும் கடலையும் எழுதப் பழகியவர். 1791-ஆம் ஆண்டு பிழைப்புத் தேடிக் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார்.

அந்தக் கல்கத்தா எப்படிப்பட்ட நகரம்? 1757-ஆம் ஆண்டு பிளாசிப் போருக்குப் பின் வங்காளத்தின் செல்வமெல்லாம் கும்பெனியாரின் கைக்குப் போயிற்று. அந்தச் செல்வம் கல்கத்தாவிலே கோட்டையாயிற்று, மாளிகையாயிற்று, துறையாயிற்று. 1770-ஆம் ஆண்டு வங்காளத்தைக் கொடும்பஞ்சம் கவ்வியது. மக்களுள் மூன்றில் ஒரு பங்கினர் மாண்டனர் என்று அன்றைய ஆட்சியாளரே கணக்குக் கொடுத்தனர். 1793-ஆம் ஆண்டு காரன்வாலிஸ் நிலையான நிலவரித் திட்டத்தைப் புகுத்தினார். நிலம் ஜமீன்தாரின் உடைமையாயிற்று. ஊரிலே வாழ வழியற்றவன் நகரத்திற்கு நடந்தான். நகரம் வளர்ந்தது என்று வரலாற்றிலே எழுதுகிறார்கள். நகரம் தானாக வளருமா, தோழர்களே? மரமா அது, மழை பெய்தால் வளர்வதற்கு? ஊரைவிட்டு வந்தவன் தோள் கொடுத்தான், நகரம் வளர்ந்தது.

அங்கே பேரும் புகழும் பெற்ற ஐரோப்பிய ஓவியருக்கு ஆளுநர் மாளிகையின் கதவு திறந்தது. சோல்வின்சுக்குத் திறக்கவில்லை. வண்டிகளுக்கும் பல்லக்குகளுக்கும் வண்ணம் தீட்டி வயிறு வளர்த்தார். பல்லக்கிலே அமர்ந்தவன் முகத்தை எழுதும் வாய்ப்புக் கிட்டாதவர், அந்தப் பல்லக்கைத் தூக்கியவனை எழுதத் துணிந்தார். 250 படங்கள் கொண்ட தொகுதியைத் தாமே தகட்டிலே கீறி, வண்ணமிட்டு, 1796-லும் மீண்டும் 1799-லும் கல்கத்தாவிலேயே வெளியிட்டார்.

தொகுதியின் முதற் பகுதியிலே மட்டும் 66 படங்கள். குயவர், கொல்லர், தச்சர், நெசவாளர், மீனவர், தோல்தொழிலாளர் என்று தொழில்செய்து வாழ்வோர் வரிசை வரிசையாக நிற்கிறார்கள். அடுத்த பகுதியிலே வெள்ளையர் வீட்டு ஏவலாளர்: சமையற்கட்டை ஆள்பவர், கணக்கெழுதுபவர், தம் துரையின் ஹூக்காவை ஏந்தி நிற்பவர். பிறகு வண்டிகள், பல்லக்குகள், படகுகள், இசைக்கருவிகள், திருவிழாக்கள். ஒரு நகரத்தின் உடலுழைப்பு முழுவதையும் ஒருவரே எழுதிவைக்க முயன்ற முயற்சி அது.

வாங்குவார் முகம் சுளித்தனர். படம் கரடுமுரடாக இருக்கிறது என்றனர். வண்ணம் மங்கல் என்றனர். லண்டனிலே எட்வர்ட் ஓர்ம் என்ற பதிப்பாளர் 1804-ஆம் ஆண்டு அவற்றுள் 60 படங்களை எடுத்து, மெருகேற்றி அழகாக்கி, அவரைக் கேளாமலே வெளியிட்டார். அந்த மெருகு விலைபோயிற்று. சோல்வின்ஸ் மனம் தளராமல் பாரிசிலே 1808 முதல் 1812 வரை நான்கு பெருந்தொகுதிகளை வெளியிட்டார். அதிலும் பொருள் இழந்தார். 1824-ஆம் ஆண்டு பிறந்த ஊரிலே மறைந்தார்.

அவர் உழைப்பின் அருமையைப் பின்னாளில் உலகுக்கு விரிவாக எடுத்துக் காட்டியவர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் என்னும் அமெரிக்கப் பேராசிரியர். அந்தப் பெயர் நம்மவருக்குப் புதிதன்று. திராவிட இயக்கத்தைப் பற்றி 1965-ஆம் ஆண்டிலேயே நூல் எழுதியவர். தமிழகத்து நாடார் சமூகத்தின் எழுச்சியை 1969-ஆம் ஆண்டு நூலாக்கியவர். தமிழ்நாட்டிலே தாழ்த்தப்பட்டிருந்தோர் நிமிர்ந்த கதையை ஆராய்ந்த அதே அறிஞர், 2004-ஆம் ஆண்டு சோல்வின்சின் படங்களைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார்.

அடியிலே எழுதியது என்ன?

பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிட்டேன். இனிக் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

அந்தப் படங்களிலே உழைப்பாளியின் உருவம் இருக்கிறது. அவனுடைய கருவி இருக்கிறது. சில படங்களிலே அவன் தொழில் நடக்கும் இடமும் பின்னணியிலே தெரிகிறது. படத்தின் அடியிலே என்ன எழுதப்பட்டிருக்கிறது? சாதியின் பெயர், தொழிலின் பெயர். 'குயவன்' என்று இருக்கும். எந்தக் குயவன்? அவனைப் பெற்றவள் அவனை எப்படி அழைத்தாள்? எந்த ஊரிலிருந்து வந்தான்? நாளொன்றுக்கு அவனுக்கு என்ன கிடைத்தது? இவற்றுக்கு விடை இல்லை.

அதே காலத்திலே கும்பெனி அதிகாரிகளும் படமெழுதிக்கொண்டார்கள். அவற்றின் அடியிலே பெயர் உண்டு, பட்டம் உண்டு, பதவி உண்டு. அதிகாரி ஓர் ஆள். உழைப்பாளியோ ஒரு வகை. அதிகாரியின் படம் அவரை நினைவூட்ட. உழைப்பாளியின் படம் அவனை இனங்காட்ட. பூச்சியையும் பூவையும் வகைப்படுத்திப் பெயரிட்டு அடுக்குவது போல மக்களையும் அடுக்கினார்கள். அந்த அடுக்கை வெள்ளையர் புதிதாகப் படைக்கவில்லை. நம் நாட்டிலே ஏற்கெனவே இருந்த சாதி ஏணியைக் கண்டார்கள். அது ஆள்வதற்கு வசதி என்று எடுத்து ஏட்டிலே ஏற்றிக்கொண்டார்கள்.

இங்கேதான், தோழர்களே, கொடைரோடு வருகிறது. கொடைக்கானல் மலையிலே 1845-ஆம் ஆண்டு அமெரிக்கப் பாதிரிமார் குடில் அமைத்தனர். 1875-ஆம் ஆண்டு இருப்புப்பாதை இந்த அம்மையநாயக்கனூருக்கு வந்தது. வெயிலுக்கு அஞ்சிய துரைமாரும் துரைசானிமாரும் இந்த நிலையத்திலே இறங்கினர். இங்கிருந்து மாட்டுவண்டியிலே மலையடிவாரத்துக் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு வரை சென்றனர். பிறகு? மலைக்கு மோட்டார் சாலை இருபதாம் நூற்றாண்டிலேதான் வந்தது. அதுவரை குதிரை ஏறத் தெரிந்தவர் குதிரை ஏறினர். மற்றவர் டோலியிலும் நாற்காலியிலும் அமர்ந்தனர். அந்த டோலியைச் செங்குத்தான மலைவழியிலே தோளிலே சுமந்து ஏறியவர் யார்? இந்தச் சமவெளியின் மக்கள்.

மலைக்குச் சென்ற பாதிரியாரின் பெயர் தெரிகிறது. ஏரி வெட்டியவர் என்று எந்த அதிகாரிக்குப் புகழ் என்பதும் தெரிகிறது. டோலி சுமந்தவர்களுள் ஒருவருடைய பெயரையேனும் இந்தக் கூட்டத்திலே சொல்ல வல்லவர் உண்டா? 'கூலி' என்ற ஒரே சொல்லிலே அத்தனை பேரையும் அடக்கிவிட்டார்கள். நம் மொழியிலே கூலி என்பது உழைப்புக்கு ஈடாகப் பெறும் பொருள். ஆண்டவர்களின் ஏட்டிலே அது மனிதனுக்கே பெயராயிற்று. கல்கத்தாப் படத்தின் அடியிலே எழுதியதும், கொடைரோட்டு நிலையத்திலே கூவி அழைத்ததும் ஒரே வழக்கம்தான்.

பெயர் கேட்டவனுக்கு எண் கொடுத்தார்கள்

படத்திலே அசையாமல் நிற்கும் அந்தப் பல்லக்குத் தூக்கி, உண்மையிலே அசையாமல் நின்றுவிட்டானா? அதுதான் இல்லை! சோல்வின்ஸ் மறைந்து மூன்றே ஆண்டுகள். 1827-ஆம் ஆண்டு கல்கத்தாக் காவல்துறை புதிய விதிகளை வகுத்தது. பல்லக்குத் தூக்குவோர் எல்லாரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். எண் பொறித்த வில்லையை அணிய வேண்டும். கூலி விகிதத்தை அரசே நிர்ணயிக்கும். தூக்கியவர்களுள் பெரும்பாலோர் ஒரிசாவிலிருந்து வந்தவர்கள். மாட்டுக்குச் சூடு போடுவது போல மனிதனுக்கு எண் போடுவதா என்று அவர்கள் உள்ளம் கொதித்தது. பல்லக்கைக் கீழே வைத்தனர், திடலிலே கூடினர். தொழிற்சங்கச் சட்டம் பிறப்பதற்கு 99 ஆண்டுகளுக்கு முன்னே, சங்கம் என்ற சொல்லே அறியாத மக்கள் நடத்திய வேலைநிறுத்தம் அது! இந்திய மண்ணிலே நடந்த முதல் வேலைநிறுத்தங்களுள் ஒன்றாக அதனை வரலாற்றாசிரியர் மதிக்கின்றனர்.

முடிவு என்ன? ஒரிசாக்காரர் இறக்கி வைத்த பல்லக்கைத் தூக்க, வடக்கே பீகார்ப் பக்கத்திலிருந்து வேறு ஏழைகள் வந்து சேர்ந்தனர். பல்லக்குக்குச் சக்கரம் பூட்டிக் குதிரையால் இழுக்கும் வண்டியும் கிளம்பிற்று. போராட்டம் தளர்ந்தது.

இந்த நிகழ்ச்சியிலே இரண்டு பாடங்கள் உள்ளன. முதலாவது: ஆள்வோன் கொடுக்கும் எண் வேறு, மனிதனுடைய பெயர் வேறு. எண் அவனைப் பிடிப்பதற்கு. பெயர் அவனை மதிப்பதற்கு. இரண்டாவது: ஓர் ஊர் ஏழையை வீழ்த்த முதலாளி தேடும் படைக்கலம் மற்றோர் ஊர் ஏழை. இந்த இரண்டாவது பாடத்தை மறவாதீர்கள்; பின்னால் அதற்கு வருவேன்.

அதே செம்பு, வேறு பார்வை

செப்புத் தகடு என்ன செய்யும், பாவம்? ஊசி பிடித்த கையும் அதன் பின்னே உள்ள கருத்தும் அல்லவா படத்தை ஆக்குகின்றன! ஜெர்மனியிலே கேத்தே கோல்விட்ஸ் என்ற ஓவியப் பெண்மணி இருந்தார். 1844-ஆம் ஆண்டு சிலேசியா நெசவாளர் பசி பொறாமல் கிளர்ந்தெழுந்த நிகழ்ச்சியை, 1893 முதல் 1897 வரை பாடுபட்டு, ஆறு படங்களாக ஆக்கினார். மூன்று கல்லச்சு, மூன்று செப்புத்தகடு. அந்தச் செப்புத்தகட்டுப் படங்களிலே நெசவாளர் வரிசையாக நின்று நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கூடி நடக்கிறார்கள், முதலாளி மாளிகையின் வாயிலை முற்றுகையிடுகிறார்கள், இறுதிப் படத்திலே மாண்டவரைச் சுமந்து வருகிறார்கள். 1898-ஆம் ஆண்டு பெர்லின் கண்காட்சியிலே நடுவர் குழு அவருக்குப் பொற்பதக்கம் பரிந்துரைத்தது. கெய்சர் வில்லியம் மறுத்துவிட்டார். ஏன்? நெசவாளி தறியோடு தனியே நின்றால் அரசனுக்கு அச்சமில்லை. பத்துப் பேர் சேர்ந்து நடந்தால் பதக்கம் கூட மறுக்கப்படுகிறது! அருகேயுள்ள சின்னாளப்பட்டித் தறியாளர்களுக்கு இதனை விளக்க வேண்டிய தேவை இல்லை.

நம் சென்னையிலும் ஒரு படைப்பு உண்டு. கடற்கரையிலே நிற்கும் உழைப்பாளர் சிலை. நான்கு பேர் சேர்ந்து பெரும்பாறை ஒன்றைப் பெயர்க்கிறார்கள். 1959-ஆம் ஆண்டு சனவரி 25-ஆம் நாள் திறக்கப்பட்டது. படைத்தவர் தேவி பிரசாத் ராய் சௌதுரி. வங்காளத்திலிருந்து வந்து, 1929 முதல் 1957 வரை சென்னைக் கலைப்பள்ளியை நடத்தியவர். கலைப்பள்ளியின் காவலாளி ஒருவரும் சமையற்காரர் ஒருவரும் அதற்கு மாதிரியாக நின்றார்கள் என்று சொல்வர். சாதிக்கு ஒருவராக நிறுத்திவைத்த படமன்று அது. நான்கு உடல், ஒரு முயற்சி. நெம்புகோல் பிடித்தவன் என்ன சாதி என்று எவரும் கேட்க முடியாது. ஆனாலும் அங்கே நாள்தோறும் கூடும் மக்களுள் எத்தனை பேர் அந்தக் காவலாளியின் பெயரையும் சமையற்காரரின் பெயரையும் அறிவார்கள் என்று எண்ணும்போது நெஞ்சு உறுத்துகிறது.

சங்க ஏட்டிலே எழுதிய பெயர்

பெயர் எழுதப்பட்ட ஏடு எது என்றால், அது ஓவியனின் ஏடன்று. தொழிற்சங்கத்தின் உறுப்பினர் ஏடு. 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைநின்றார். பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளிலே வருகைப் பதிவு எண்ணாக இருந்தவன், சங்க ஏட்டிலே தன் பெயரைக் கண்டான். 1923-ஆம் ஆண்டு மே முதல் நாள், சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையிலே செங்கொடி ஏற்றி, இந்தியாவிலே முதன்முதலாக மே நாளைக் கொண்டாடினார்.

இடையிலே நடந்த வேதனையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1921-ஆம் ஆண்டு அந்த ஆலைகளிலே நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. தாழ்த்தப்பட்ட தொழிலாளரிற் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். நிர்வாகமும் அரசும் அந்தப் பிளவைப் பயன்படுத்திக்கொண்டன. புளியந்தோப்பிலே தொழிலாளரோடு தொழிலாளர் மோதினர்; குடிசைகள் எரிந்தன; துப்பாக்கி வெடித்தது; உயிர்கள் போயின. வேலைநிறுத்தம் தோற்றது. தாழ்த்தப்பட்டோரைக் குறைகூறிப் பயன் என்ன? ஆலைக்கு வெளியே தன்னைத் தொடக்கூட மறுத்தவன், ஆலைக்கு உள்ளே 'தோழா' என்று அழைத்தால் அவன் எப்படி நம்புவான்? கல்கத்தாத் தகட்டிலே சாதி சாதியாகப் பிரித்து நிறுத்தினானே வெள்ளையன், அந்தப் படம் நம் நெஞ்சிலும் இருந்தது. அதை அழிக்காமல் சங்கம் கட்டினோம். அது நடுவிலே பிளந்தது.

இன்றைய பல்லக்குத் தூக்கி

பழங்கதை போதும், இன்றைய நிலைக்கு வருகிறேன்.

நம் மாவட்டத்துப் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலை தேடிச் செல்கிறார்கள். வேடசந்தூர் வட்டாரத்து நூற்பாலைகளிலோ ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். சென்னையின் உயர்பாதையும் சுரங்கப்பாதையும் அடுக்குமாடியும் அவர்கள் கையால் எழுகின்றன. 230 ஆண்டுகளுக்கு முன் கல்கத்தாவைத் தோளிலே தாங்கியவர்களின் வழித்தோன்றல்கள் இன்று நம் நகரத்தைத் தாங்குகிறார்கள். அவர்களை நாம் எப்படி அழைக்கிறோம்? 'வடக்கன்' என்கிறோம், 'இந்திக்காரன்' என்கிறோம். வங்காளியும் இந்திக்காரன், ஒடியனும் இந்திக்காரன்! தேநீர்க்கடையிலே நம்மோடு நிற்பவனின் பெயரைக் கேட்க நமக்கு நேரமில்லை. சோல்வின்சின் படத்தடியிலே இருந்த எழுத்தைக் குறை சொன்னோமே, அதே எழுத்தை நாமும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிலே ஊரடங்கு வந்தது. நகரங்களின் கதவு மூடியது. உழைப்பாளர் நெடுஞ்சாலையிலே நடந்தனர். ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் சொந்த மாநிலங்களுக்குத் திரும்பினர் என்று ஒன்றிய அரசே கணக்குச் சொன்னது. வழியிலே மாண்டவர் எத்தனை பேர் என்று நாடாளுமன்றத்திலே அவ்வாண்டு செப்டம்பரில் கேட்டபோது, அப்படிப்பட்ட கணக்கு வைத்திருக்கவில்லை என்று விடை வந்தது. பெயர் இல்லை என்று வருந்தினோம். எண் கூட இல்லாமற் போயிற்று!

2023-ஆம் ஆண்டு மார்ச்சிலே மற்றொன்று நடந்தது. தமிழ்நாட்டிலே பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்க் காணொளிகளைப் பரப்பினர். தொழிலாளர் அஞ்சினர், ஊர் திரும்ப நிலையங்களிலே கூடினர். பீகாரிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்தனர். செய்தி பொய் என்று தெரிந்தது. பொய் ஏன் அத்தனை விரைவாகப் பரவியது என்று எண்ணிப் பாருங்கள். பெயர் சொல்லிப் பழகிய அண்டை வீட்டான் இருந்தால், 'அப்படி ஒன்றும் இல்லை, தம்பி, இங்கேயே இரு' என்று ஒரு வார்த்தையிலே அச்சம் தீர்ந்திருக்கும். பெயர் தெரியாத இடத்திலேதான் வதந்தி குடியேறுகிறது.

'வந்தவன் நம் கூலியைக் குறைக்கிறானே' என்று கேட்கும் தோழரும் உண்டு. அந்தக் கேள்வியிலே வலி இருக்கிறது. நான் அதனை இகழமாட்டேன். ஆனால் கூலியைக் குறைப்பவன் யார்? குறைந்த கூலி பெறுபவனா, கொடுப்பவனா? 1827-ஆம் ஆண்டு ஒரிசாக்காரனுக்கு எதிராகப் பீகாரி நிறுத்தப்பட்டான். இன்று திண்டுக்கல்காரனுக்கு எதிராக இருவரும் நிறுத்தப்படுகிறார்கள். நிறுத்துபவன் மாறவில்லை. வந்தவனுக்கும் நமக்கும் ஒரே கூலி என்று நாமே கேட்டுப் பெற்றால், நம்மைக் கழித்துவிட்டு அவனைச் சேர்ப்பதிலே முதலாளிக்கு ஆதாயம் ஏது?

தமிழன் இதனை மறக்கலாகாது. தமிழனும் கடல் கடந்து கூலி என்று அழைக்கப்பட்டவன்தான். இலங்கையின் தேயிலை மலையைத் திருத்தியவன் தமிழன். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவனை நாடற்றவன் ஆக்கிற்று. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி உடன்படிக்கை அவனை எண்ணாக்கிற்று: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பங்கு பிரித்தார்கள். அப்படித் திரும்பியவர்களுள் சிலர் இந்தக் கொடைக்கானல் மலையிலேயே குடியேறினர். இந்த மண்ணுக்கு மேலே மலையிலே வாழ்கிறது அந்த வரலாறு. அதை அறிந்த நாமா வந்தவனைப் பெயரின்றி அழைப்பது?

செய்ய வேண்டியது

1979-ஆம் ஆண்டு வெளிமாநிலத் தொழிலாளருக்காக ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்திலே அது கரைக்கப்பட்டது. பழைய சட்டத்திலே பொன்னான விதி ஒன்று இருந்தது. ஒப்பந்தக்காரர், ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவனுடைய நிழற்படம் ஒட்டிய கையேடு ஒன்றைக் கொடுக்க வேண்டும். வேலைசெய்யும் இடம், கூலி விகிதம், பெற்ற தொகை, பிடித்த தொகை, ஊர் திரும்பும் செலவு எல்லாம் அதிலே எழுதப்பட வேண்டும். எண்ணிப் பாருங்கள்: உழைப்பாளியின் படம், படத்தோடு அவன் கூலிக் கணக்கு, ஏடு இருப்பது அவன் கையில்! சோல்வின்சின் தகட்டிலே எதெல்லாம் விடுபட்டதோ, அதெல்லாம் அந்தக் கையேட்டிலே உண்டு. 1827-ஆம் ஆண்டு வில்லை காவலனுக்காக. இந்தக் கையேடு தொழிலாளிக்காக. அந்தக் கையேட்டைக் கண்ணால் கண்டவர் எத்தனை பேர் என்பது வேறு கதை. சட்டம் எந்தப் பெயரிலே மாறினாலும், அந்த உரிமையைக் கேட்டுப் பெறும் கடமை சங்கத்திற்கு மாறாது.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ந்தோம். பூட்டு ஊர்ப்பெயரோடு உலகெங்கும் செல்லட்டும். ஆனால் அந்த மாங்காய்ப் பூட்டின் நெம்புகளை அரத்தாலே இழைத்து இழைத்துக் கண் மங்கிய கொல்லர் யார் யார்? பூட்டுக்குப் பெயர் உண்டு, பூட்டியவனுக்குப் பெயர் உண்டு, செய்தவனுக்கு இல்லையா?

ஆகவே கொடைரோட்டுத் தோழர்களை ஒன்று வேண்டுகிறேன். நூறு பக்கக் குறிப்பேடு ஒன்று வாங்குங்கள். இந்த நிலையத்திலே சுமை தூக்கிய முதியவர்கள், திராட்சைத் தோட்டத்திலே கொடி கட்டியவர்கள், நிலக்கோட்டைப் பூச்சந்தைக்கு விடியுமுன் பூப்பறித்துக் கொடுத்த தாய்மார்கள், சின்னாளப்பட்டித் தறியிலே முதுகு வளைந்தவர்கள், பூட்டுப் பட்டறைக் கொல்லர்கள் ஆகியோரைத் தேடிச் செல்லுங்கள். பெயரைக் கேளுங்கள், பிறந்த ஊரைக் கேளுங்கள், வாங்கிய முதற் கூலியைக் கேளுங்கள். சாதியைக் கேளாதீர்கள்! அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். பிறகு, வெளிமாநிலத்துப் பிள்ளைகள் தங்கும் கொட்டகைக்குச் செல்லுங்கள். மொழி தெரியாது என்று தயங்க வேண்டாம். பெயரைக் கேட்பதற்கு இரண்டு சொல் போதும். அந்த இரண்டு சொல்லை வங்காளத்திலும் ஒடியாவிலும் இந்தியிலும் கற்றுக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும். இந்தித் திணிப்பை எதிர்ப்பது ஒன்று. இந்தி பேசும் ஏழையைத் தழுவுவது ஒன்று. இரண்டையும் ஒருங்கே செய்யும் நெஞ்சுரம் நமக்கு உண்டு.

அந்த ஏட்டின் கடைசிப் பக்கம் நிரம்பும்போது, முதற் பக்கத்திலே இருப்பவனும் கடைசிப் பக்கத்திலே இருப்பவனும் ஒரே சங்கத்தின் உறுப்பினர்களாக இருக்க வேண்டும். அதுதான் குறிக்கோள். தகட்டிலே தனித்தனியே நிறுத்தப்பட்டவர்கள் தளத்திலே சேர்ந்து நிற்கட்டும். அடுத்த திங்கள் கூடும்போது சொற்பொழிவு வேண்டாம், தோழர்களே. ஏட்டைக் கொண்டுவாருங்கள், பெயர்களைப் படிப்போம்.